சுண்டுவின் குளிர்காலம்

அத்தியாயம் பதினொன்று

கோட்டைத் தரையில் விரிக்க வேண்டும். கழுத்துப்பட்டை நம் கால் பக்கம் இருக்க வேண்டும். குனிந்து இரண்டு கைகளையும் உள்ளே நுழைத்து, ஒரே வீச்சில் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டால், கோட்டு தானாக முதுகில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குளிர்காலம் தொடங்கியதும் மழலையர் பள்ளியில் டீச்சர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். வகுப்பிலேயே அதை முதலில் பிடித்துக்கொண்டவள் சுண்டு. மற்ற வாண்டுகள் கோட்டைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, தொப்பி இடுப்புக்குக் கீழே தொங்க விழித்துக்கொண்டு நின்றபோது, சுண்டு ஒவ்வொருவரிடமும் போய், "காலர் கால்கிட்ட! காலர் கால்கிட்ட!" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். சட்டாம்பிள்ளைக்கு நாலு வயதுதான்.

இன்று காலை அதே சுண்டு கோட்டை விரித்துவிட்டு அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, கிளம்பலையா? எல்லாரும் ஐஸ் எடுக்கப் போறாங்க" என்றாள் டீச்சர்.

"நீங்க மாட்டி விடுங்க பெரியம்மா."

பள்ளியில் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. சொந்தத் தங்கை மகள் என்பதற்காக வகுப்பில் சலுகை கிடையாது. சுண்டு இப்போதெல்லாம் அதை மறந்துவிடுகிறாள்.

"முதல்ல நீ ஒரு தடவை பண்ணிப் பாரு கண்ணு."

சுண்டு எழுந்து குனிந்தாள். வலது கை உள்ளே போயிற்று. இடது கை, கோட்டுக் கையின் வாயைத் தேடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவியது. ஒருவழியாக நுழைத்துத் தூக்கினாள். கோட்டு பாதி தூரம் வந்து முகத்தின் மேலேயே சரிந்தது. அவள் தடுமாறி, பொத்தென்று உட்கார்ந்தாள்.

அழவில்லை. கோட்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "இன்னிக்கு இது சொன்ன பேச்சு கேக்கல" என்றாள்.

டீச்சர் மாட்டிவிட்டு ஜிப்பை இழுத்தாள்.

இதையெல்லாம் முதலில் பார்த்தவள் அவள்தான். பிள்ளைகளின் விரலைப் பார்ப்பது அவள் தொழில். யார் கத்தரிக்கோலை எப்படிப் பிடிக்கிறார்கள், யார் படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறார்கள் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவள். பறவைகளுக்காகத் தீனி வளையங்களை நூலில் கோத்த வாரம், சுண்டுவின் நூல் முடிவதற்குள் மற்றவர்கள் இரண்டு மாலை கட்டி முடித்திருந்தார்கள். அதற்கு முந்தின மாதம் சுண்டுதான் முதலில் முடிப்பவள்.

தங்கையிடம் சொன்னாள். தங்கை காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கையின் கணவரிடம் சொன்னாள். அவர் பதறிப் போய்ப் பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அதற்குப் பிறகு ரத்தம், ஸ்கேன், காத்திருப்பு. தங்கை அன்றோடு அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். "நல்லா இருந்த வீட்டுல கொள்ளி வெச்சிட்டா" என்று சொன்னதாகக் காற்று வாக்கில் வந்தது.

இன்று மதியம் நரம்பு டாக்டர் முடிவைச் சொல்லப் போகிறார்.

இன்று காலைதான் பள்ளியில் குளிர்காலக் கண்காட்சியும்.

*

முந்தின நாள் மாலை பிள்ளைகள் ஆளுக்கொரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, உள்ளே இலை, கூழாங்கல், பொத்தான் என்று அவரவருக்குப் பிடித்ததைப் போட்டு, பின்கட்டுப் படிக்கட்டில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது போய்ப் பார்த்தால் எல்லாம் கல்லாகிக் கிடந்தது. கூச்சலுக்குக் கேட்க வேண்டுமா?

"என் பொத்தான் மாட்டிக்கிச்சு!"

"என்னோடது ஒட்டிக்கிச்சு டீச்சர்! வரவே மாட்டேங்குது!"

வகுப்பில் ஒரு பையன் உண்டு. வாயைத் திறந்தால் கேள்விதான். அதனால் அவனுக்கு 'ஏன்-ஏன்' என்றே பெயர். அவன் தன் கிண்ணத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தண்ணி கெட்டியாகும்போது அதுக்கு வலிக்குமா டீச்சர்?"

டீச்சர் பதில் யோசிப்பதற்குள் சுண்டு முந்திக்கொண்டாள். "வலிக்காது. அதுக்குத் தெரியவே தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

ஏன்-ஏன் வாயடைத்துப் போனது அந்த வருடத்தில் அது ஒரு தடவைதான். டீச்சர் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் சுண்டுவின் கையிலிருந்து கிண்ணம் நழுவிப் படிக்கட்டில் விழுந்து உருண்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் கையிலிருந்து பொருள் விழுவது புதிதா என்ன?

*

பெற்றோர்கள் வரத் தொடங்கினார்கள். பூட்ஸ் ஈரமெல்லாம் நடைபாதையில் குளமாகத் தேங்கியது. பெரிய மேடம் வாசலில் நின்று, "கால் மிதியில தொடைச்சிட்டு வாங்க, தொடைச்சிட்டு வாங்க" என்று வரவேற்றுக்கொண்டிருந்தார்.

சுண்டுவின் அப்பா வேலை உடுப்போடேயே வந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்த மாடியில் எவர் சிக்கிக்கொண்டாலும் அவருக்குத்தான் போன் வரும். பள்ளிக்கூட விழா எதற்கும் இதுவரை அவர் முழுசாக நின்றதில்லை. இன்று போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வந்திருந்தார்.

முதல் மேஜையில் மூன்று பனிக்கட்டித் துண்டுகள். ஒன்று சூடேற்றியின் அருகே. ஒன்று ஜன்னல் விளிம்பில். இன்னொன்று கம்பளிக் கையுறைக்குள். ஜன்னலில் இருப்பதற்கும் கையுறைக்குள் இருப்பதற்கும் போட்டி. எது முதலில் உருகும் என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

"இதுல என்ன இருக்கு? கிளவுஸ்ல இருக்கறதுதான். உள்ள கதகதன்னு இருக்குமே!" என்றார் மெக்கானிக்.

"தப்பு!" வகுப்பே சேர்ந்து கத்தியது.

ஏன்-ஏன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "கிளவுஸ் சூடு குடுக்காது அங்கிள். உள்ள இருக்கறத வெளிய விடாது, வெளிய இருக்கறத உள்ள விடாது. அவ்ளோதான்."

"அடேங்கப்பா! இத்தனை வருஷமா இது தெரியாமலே போட்டுட்டுத் திரியறேனே!" மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அப்பா கேலிக்கு ஆளானதில் சுண்டுவுக்கு ஒரே பெருமை. "எங்கப்பா தப்பா சொல்லிட்டாரு! எங்கப்பா!" என்று எல்லோரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடக்கும்போது பாதம் சற்று அகன்று அகன்று விழுந்தது.

தங்கை நேராகச் சுவரருகே வந்தாள். அங்கே பிள்ளைகள் வெட்டிய காகிதப் பனிப்பூக்கள் நூலில் தொங்கின. தாளை மடித்து மடித்து ஓரத்தில் வெட்டிப் பிரித்தால் வரும் பூ. எல்லாமே கோணல் மாணலாக, சிலது நடுவில் கிழிந்து, பசை அப்பி.

அவள் கைப்பையிலிருந்து ஒரு பனிப்பூவை எடுத்து நீட்டினாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது சுண்டு வீட்டுல வெட்டினது. மாட்டு."

டீச்சர் கையில் வாங்கிப் பார்த்தாள். மிக அழகான பூ. ஓரங்கள் பிசிறில்லாமல் இருந்தன. உள்ளே நட்சத்திரம், அதற்குள் இன்னொரு நட்சத்திரம். நாலு வயதுக் கை அல்ல, பதினாலு வயதுக் கைகூட இவ்வளவு நறுக்காக வெட்டாது.

"ரொம்ப நேரம் உக்காந்து வெட்டியிருக்க போல" என்றாள் டீச்சர்.

"நான் வெட்டல. அவதான்."

"இங்க பாரு, இதை மாட்டறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா..."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு ஆனா."

அதற்குள் சுண்டு இருவரின் கால்களுக்கும் நடுவே புகுந்தாள். "அது அம்மா வெட்டினது! நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்! அம்மா அழுதுகிட்டே வெட்டினாங்க!" என்று உரக்க அறிவித்தாள். பக்கத்திலிருந்த இரண்டு அம்மாக்கள் சட்டென்று வேறு பக்கம் திரும்பி, சுவரில் எதையோ ரசிக்க ஆரம்பித்தார்கள்.

தங்கை பூவை வாங்கி, மடிக்காமல் கசக்காமல், அப்படியே கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கடைசி மேஜையில் ஒரு பெரிய தட்டு நிறையப் பனிக்கட்டி. அதன் மேல் உப்பு தூவி, சொட்டுக் குழாயால் வண்ணத் தண்ணீர் விட வேண்டும். உப்பு பனிக்கட்டியைத் தின்று ஓட்டை போடும். அதன் வழியே நிறம் இறங்கி, உள்ளே வேர் விட்டதுபோல் பரவும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் அப்பா அம்மாவுக்குச் செய்து காட்டினார்கள்.

சுண்டுவின் முறை வந்தது. சிவப்பு வேண்டும் என்றாள். குழாயை எடுத்தாள். ரப்பர் குமிழைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்தாள். விரல்கள் வந்து தொட்டன. குமிழ் அமுங்கவில்லை.

"அமுக்கு கண்ணா" என்றாள் தங்கை. பின்னாலிருந்து தன் கையை மகளின் கை மேல் வைத்து அழுத்தினாள். சிவப்பு சொட்டுச் சொட்டாக இறங்கியது. "பாத்தீங்களா, எவ்ளோ அழகா விடறா!" என்று கணவரைப் பார்த்துச் சிரித்தாள்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. மண்டியிட்டு மகளின் உயரத்துக்கு வந்தார். தன் ஆள்காட்டி விரலை நீட்டினார்.

"எங்க, அப்பா விரலை அமுக்கு பாக்கலாம். உன் பலம் எவ்ளோன்னு பாக்கறேன். நல்லா பலமா."

சுண்டு அப்பாவின் விரலைப் பிடித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் காத்திருந்தார்.

"ம்... அமுக்கு."

"அமுக்கிட்டுதான்பா இருக்கேன்."

ஒரு கணம் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்த கணம், "ஆ! ஐயோ! வலிக்குது! விடு தாயே, விடு, விரல் போச்சு!" என்று துள்ளினார். சுண்டு கெக்கெக்கே என்று சிரித்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் மகளின் தோளுக்கு மேலாக டீச்சரைப் பார்த்தார். டீச்சரால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தட்டில் சிந்திய உப்பை வழித்துக் குவிக்க ஆரம்பித்தாள்.

*

பிள்ளையை ஆயாம்மாவிடம் விட்டுவிட்டு மூவரும் மெக்கானிக்கின் வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டீச்சரும் வர வேண்டும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். தினமும் பிள்ளையைக் கூட இருந்து பார்ப்பவர் ஒருவர் வேண்டுமாம். தங்கைக்கு அதில் இஷ்டமில்லை. வழியெல்லாம் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடியே வந்தாள்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. மெதுவாகப் பேசினார். மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துவிட்டு, டீச்சரைப் பார்த்துத்தான் முதலில் கேட்டார்.

"குளிர்காலம் ஆரம்பிக்கும்போது குழந்தை செஞ்சது, இப்ப செய்யாதது. ஞாபகம் இருக்கறதெல்லாம் சொல்லுங்க."

டீச்சர் தங்கையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள்.

கோட்டு மாட்டுவாள், இப்போது இல்லை. நூலில் வளையம் கோப்பாள். கத்தரிக்கோலால், வரைந்த கோடு தப்பாமல் வெட்டுவாள். ஒற்றைக் காலில் நிற்பாள். படியில் மாற்றி மாற்றிக் கால் வைத்து இறங்குவாள், இப்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைக்கிறாள். நண்பர்களின் பெயரெல்லாம் தெரியும், சென்ற வாரம் ஒருவனை 'நீல கோட்டு' என்று கூப்பிட்டாள்.

"அது விளையாட்டுக்குச் சொல்லியிருப்பா" என்றாள் தங்கை.

"அப்படித்தான் நானும் நெனச்சேன். அவன் பேர் என்னன்னு கேட்டேன். யோசிச்சா. ரொம்ப நேரம் யோசிச்சா. அப்புறம் எங்கிட்ட ஏதோ வேற பேச ஆரம்பிச்சுட்டா."

"வேற ஏதாவது?"

"தண்ணி குடிக்கும்போது பொரை ஏறுது. அடிக்கடி."

"போதும்!" என்றாள் தங்கை. சத்தமாக இல்லை. "போதும்க்கா. எல்லாத்தையும் சொல்லிட்ட."

 டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். நோயின் பெயரைச் சொன்னார். நீளமான பெயர், மூவருக்குமே காதில் நிற்கவில்லை. நின்றது அதற்குப் பின்னால் வந்ததுதான்.

"கத்துக்கிட்டதெல்லாம் ஒவ்வொண்ணா போகும்மா. முதல்ல விரல். அப்புறம் நடை. அப்புறம் பேச்சு. பார்வையும் குறையலாம். வலிப்பு வரும், அதுக்கு மருந்து இருக்கு. இந்த நோய்க்கு மருந்து கிடையாது."

மெக்கானிக் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஏதோ வேலையைப் பற்றிய விவரம் கேட்பவர்போல. "சரி டாக்டர். இங்க இல்ல. வேற எங்க இருக்கு? எவ்ளோ தூரமானாலும் பரவால்ல, தூக்கிட்டுப் போறேன். வேலைய விட்டுட்டுப் போறேன்."

"எங்கயும் இல்லைங்க. இருந்தா நானே உங்களை அனுப்பியிருப்பேன்."

"எதுல கோளாறுன்னு கண்டுபிடிச்சிட்டீங்க. கண்டுபிடிச்சுட்டா சரி பண்ணிடலாம்ல? எங்க வேலையில அப்படித்தான். கோளாறு தெரியாம இருக்கறதுதான் கஷ்டம். தெரிஞ்சுட்டா..."

அவர் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். 

"அடுத்த குளிர்காலத்துல..." தங்கை ஆரம்பித்தாள்.  "அடுத்த குளிர்காலத்துல நடப்பாளா?"

"சொல்ல முடியாதும்மா. பிடிச்சுக்கிட்டு நடக்கலாம். நடக்காமலும் போகலாம்."

"ஸ்கூல்?"

"போகட்டும். முடியற வரைக்கும் எல்லாப் பிள்ளைங்களோடயும் இருக்கட்டும். அவளுக்குப் பிடிச்சதெல்லாம் செய்யட்டும்."

பிறகு டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இது யார் செய்த தப்பும் இல்லை. அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி, இருவர் உடம்பிலும் தெரியாமல் கிடந்தது. இரண்டு பாதியும் ஒரு பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால்தான் நோய் வெளியே வரும்.

"வேற குழந்தைங்க இருக்காங்களா?"

"இல்லைங்க. சுண்டு ஒருத்திதான்" என்றார் மெக்கானிக்.

"அடுத்த குழந்தைக்கு யோசிச்சா, முன்னாடியே எங்கிட்ட வாங்க. ஒவ்வொரு தடவையும் நாலுல ஒரு பங்கு இதே வர வாய்ப்பு இருக்கு."

மெக்கானிக் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை கேட்டாள்: "வயித்துல இருக்கும்போதே பாத்துச் சொல்ல முடியுமா டாக்டர்?"

"முடியும். ஆனா சீக்கிரமா வந்துடணும்."

டீச்சர் திரும்பித் தங்கையைப் பார்த்தாள்.

*

மெக்கானிக் வேனை எடுத்து வரப் போனார். பாதி வழியில் நின்று, எந்தப் பக்கம் நிறுத்தினோம் என்று தெரியாமல் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி நடந்தார்.

ஆஸ்பத்திரி நடையில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். அக்காவும் தங்கையும் நடுவில் ஒன்றைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சாட்சி சொல்லிட்ட. இப்ப திருப்தியா?" என்றாள் தங்கை.

டீச்சர் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"பொரை ஏறறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ரெண்டு மாசமா நான் சோத்தைக் குழைச்சுத்தான் ஊட்டறேன். அவருக்குத் தெரியாம. நான் வாய் தொறந்து சொன்னாதான் அது நிஜமாகும்னு இருந்தேன். நீ வந்து சொல்லிட்ட. நீ எப்பவுமே இப்படித்தான். சின்ன வயசுலேர்ந்து. நான் கண்ணாடிய ஒடைச்சா, அப்பா கேக்கறதுக்கு முன்னாடி நீ சொல்லிடுவ."

"சொல்லாம இருந்திருந்தா மட்டும்..."

"ஒண்ணும் ஆயிருக்காது. தெரியும். ஆனா இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு ஒரு நல்ல பொண்ணு இருந்திருப்பா. அந்த நாலு மாசத்தையாவது நீ எனக்கு விட்டிருக்கலாம்."

அழுகை வந்தபோது தங்கை காலியான நாற்காலியின் பக்கம் சாய்ந்தாள். டீச்சர் அந்த நாற்காலிக்கு நகர்ந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். எதிரே ஒருவர் காலில் கட்டோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பாமல் அதே பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

சற்று அடங்கியதும் டீச்சர் மெல்லக் கேட்டாள். "டாக்டர்கிட்ட ஏன் அப்படிக் கேட்ட?"

"எப்படி?"

"வயித்துல இருக்கும்போதேன்னு."

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேண்டுமென்றே நிறைய நேரம் துடைத்தாள்.

"எத்தனை மாசம்டி?"

"ரெண்டு."

டீச்சர் வாசல் பக்கம் பார்த்தாள். "உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது. இன்னிக்கு டாக்டர், பயப்பட ஒண்ணுமில்ல, டானிக் குடுங்க சரியாயிடும்னு சொல்லுவாங்க, வீட்டுக்குப் போனதும் சுண்டுகிட்ட முதல்ல சொல்லி, அவ வாயால அவருக்குச் சொல்ல வைக்கணும்னு நெனச்சிருந்தேன்." அவள் சிரித்தாள். பார்க்கவே பயமாயிருந்தது அந்தச் சிரிப்பு. "எப்படி இருக்கு என் திட்டம்?"

"நீ அவர்கிட்ட சொல்லியாகணும்."

"நான் சொல்லுவேன். எப்பன்னு எனக்குத் தெரியல. ஆனா நீ சொல்லக்கூடாது. கேட்டாலும் சொல்லக்கூடாது. இந்த ஒரு தடவையாவது வாய மூடிட்டு இரு அக்கா."

வாசலில் ஹாரன் கேட்டது.

*

வேன் கிளம்பியது. தெருவோரம் அள்ளிக் குவித்த பனி, வண்டிப் புகை படிந்து கறுத்துக் கிடந்தது. பின் இருக்கையில் டீச்சரின் காலருகே கருவிப் பெட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் இடம் மாறியது.

மெக்கானிக்தான் முதலில் பேசினார். ஸ்டீயரிங்கைப் பார்த்துப் பேசுவதுபோலப் பேசினார்.

"அவளுக்கு என்னன்னு சொல்றது? கேப்பா. கை ஏன் வேலை செய்யலன்னு கேப்பா."

"அப்பப்ப கேக்கறதுக்கு அப்பப்ப சொல்லலாம் தம்பி" என்றாள் டீச்சர். "பிள்ளைங்க மொத்தமா கேக்க மாட்டாங்க."

"நீங்க சொல்லிக் குடுங்கக்கா. எனக்குத் தெரியாது." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காலையில அவ என் விரலை அமுக்கினா பாத்தீங்களா? அது வரைக்கும் நான் நெஜமாவே நெனச்சிட்டிருந்தேன், பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு."

சிக்னலில் வண்டி நின்றது. அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் நல்லதாச்சு. நீ இன்னொண்ணு வேணும் வேணும்னு சொன்னப்பெல்லாம் நான் அப்புறம் பாக்கலாம்னு தள்ளிப்போட்டேனே. எவ்ளோ சண்டை போட்டிருப்ப? இப்ப யோசிச்சுப் பாரு. ஒரு பிள்ளைக்கு இதைப் பாக்கறதுக்கே நமக்குத் தெம்பு இல்ல. இன்னொண்ணும் இருந்து, அதுக்கும் இப்படின்னா, நான் சத்தியமா செத்துப் போயிருவேன். இனிமே வேணவே வேணாம். சுண்டு போதும். இருக்கற வரைக்கும் அவள பாத்துப்போம்."

 முன் இருக்கையில் தங்கையின் பின்னந்தலை அசையவில்லை. கணவரின் மடியில் இருந்த கையை மட்டும் மெதுவாக உருவிக்கொண்டாள்.

"ஓரமா நிறுத்துங்க."

"இங்கயா? எதுக்கு?"

"எனக்கு மூச்சு முட்டுது. கொஞ்ச தூரம் நடக்கணும். நீங்க போய்ப் பிள்ளைய கூட்டிட்டு வந்துடுங்க. நான் வீட்டுக்கு வந்துடறேன்."

"இந்தக் குளிர்லயா? நானும் வரேன், இரு, வண்டிய..."

"தனியா நடக்கணும்ங்க. சொன்னா கேளுங்க."

சிக்னல் மாறியது. பின்னால் ஹாரன்கள் கத்தின. அவர் ஓரம் கட்டினார். தங்கை இறங்கினாள். கதவை மூடுவதற்கு முன் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். காலையிலிருந்து அவள் அக்காவின் கண்ணை நேராகப் பார்த்தது அப்போதுதான். கதவு மூடியது.

வீடு வலது பக்கம். அவள் சாலையைக் கடந்து, அவர்கள் வந்த வழியே திரும்பி நடந்தாள். வழுக்கும் நடைபாதையில் சுவரைத் தொட்டுக்கொண்டு, ஆனால் வேகமாக. அந்தப் பக்கம் கடைகூடக் கிடையாது. ஆஸ்பத்திரி ஒன்றுதான்.

மெக்கானிக் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உடம்பையே திருப்பிப் பின் கண்ணாடி வழியே பார்த்தார்.

"வீடு அந்தப் பக்கம் இல்லையே? டாக்டர்கிட்டயா திரும்பப் போறா? அங்க என்ன இருக்கு?" அவர் பார்வை டீச்சரிடம் வந்து நின்றது. "அக்கா, உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். தூங்கிப் பல நாளான முகம். காலையில் ஒரு வகுப்பையே சிரிக்க வைத்த முகம். இவரிடம் இதுவரை அவள் எதையும் மறைத்ததில்லை. மறைக்காததுதான் இவர்களை இன்று இந்தச் சாலையோரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

"ஒண்ணும் சொல்லல தம்பி" என்றாள்.

அவர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாப் பிள்ளைங்களும் போயிருப்பாங்க. சுண்டு தனியா உக்காந்திருப்பா. வண்டிய எடுங்க."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. வண்டியை எடுத்தார்.